காகிதத்தில் பொதிந்த கோப்பை உடையாமல் போய்ச் சேருமா?

கையால் வனைந்த பீங்கான் கோப்பைகளைக் கூரியரில் அனுப்பி விற்கும் ஒருவரின் கேள்வி இது. பிளாஸ்டிக் குமிழ் உறையை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு மாறியிருக்கிறார். முதல் மாதத்திலேயே கைப்பிடி ஒடிந்த கோப்பைகளின் படங்கள் வரத் தொடங்கிவிட்டன. காகிதம் உண்மையிலேயே போதுமா, எந்த வகையை வாங்குவது, அவை எல்லாமே மறுசுழற்சிக்குப் போகுமா என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில்: போதும், தாராளமாகப் போதும். பொட்டலங்களை உயரத்திலிருந்து விழவிட்டுச் சோதிக்கும் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் குமிழ் உறையைச் சுற்றிய அதே கையோடு காகிதத்தையும் சுற்றினால் உடையத்தான் செய்யும். உங்களுக்கு நடந்திருப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும். குமிழ் உறையில் காற்றை ஆலையே அடைத்துக் கொடுத்துவிடுகிறது. காகிதச் சுருளில் காற்று இல்லை. அதை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். கசக்கியோ, இழுத்து விரித்தோ, நெளிய வைத்தோ காகிதத்துக்குள் ஓர் இடைவெளியைக் கட்ட வேண்டும். பொருளைக் காப்பாற்றுவது அந்த இடைவெளிதான். தட்டையான காகிதத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றினாலும் அது கீறலைத் தடுக்கும், அடியைத் தடுக்காது.

காகிதத்துக்கு இது புதிய வேலையும் அல்ல. அலை அலையாக மடிந்த நெளிவுக் காகிதத்துக்கு 1856இல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்ற இருவர் காப்புரிமை பெற்றபோது அது உயரமான தொப்பிகளின் உட்புறத்தில் வைக்கும் உள்ளுறையாக இருந்தது. 1871இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைப் புட்டிகளையும் விளக்குக் கண்ணாடிகளையும் சுற்றி அனுப்பும் பொருளாக மாற்றிக் காப்புரிமை பெற்றார். குமிழ் உறை 1957இல்தான் வந்தது. ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவரும் முதலில் அதைச் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாகத்தான் செய்து பார்த்தார்கள். அதற்கு 86 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி காகிதத்தில் பயணம் செய்யத் தொடங்கிவிட்டது.

பொட்டலம் கீழே விழும்போது என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும். கையாள்பவரின் இடுப்புயரம், அதாவது 76 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து விழும் பெட்டி தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். பெட்டி உடனே நின்றுவிடும். உள்ளே இருக்கும் கோப்பை இன்னும் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். அதை நிறுத்துவதற்கு எவ்வளவு தூரம் கிடைக்கிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. கோப்பையின் கீழே உள்ள மெத்தை 2 சென்டிமீட்டர் அமுங்கி நிறுத்தினால், கோப்பை தாங்கவேண்டிய சராசரி விசை அதன் எடையைப் போல ஏறத்தாழ 38 மடங்கு. அரை சென்டிமீட்டர் மட்டுமே அமுங்கினால் 150 மடங்கைத் தாண்டிவிடும். இது சராசரிதான், உச்ச விசை இதைவிட அதிகமாக இருக்கும்.

ஆகவே மெத்தை அமுங்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் எதிர்ப்பக்கத்துத் தவறைச் செய்கிறார்கள். பயந்துபோய்க் காகிதத்தை இறுக இறுகத் திணித்துவிடுகிறார்கள். கல்லைப் போல இறுகிய காகிதத்துக்கு அமுங்க இடமே இல்லை. அது கோப்பைக்கு இன்னொரு தரைதான். கையால் அழுத்தினால் எதிர்ப்போடு உள்வாங்க வேண்டும், அதே நேரம் பெட்டியைக் குலுக்கினால் உள்ளே எதுவும் நகரக்கூடாது. இந்த இரண்டும் ஒருசேர இருக்கும் இடத்தைக் கை பழகிக்கொள்ளும். பத்துப் பெட்டி கட்டினால் போதும்.

காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள இன்னொரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். குமிழ் உறை அமுங்கினால் மீண்டும் உப்பிக்கொள்ளும். காகிதத்தின் மடிப்புகள் நசுங்கும்போது அடியின் ஆற்றலில் பெரும்பகுதியை அந்த நசுங்கலிலேயே செலவழித்துவிடுகின்றன. பொருள் துள்ளுவதில்லை, முதல் அடிக்கு இது மிக நல்ல குணம். ஆனால் நசுங்கிய மடிப்பு முழுமையாக மீள்வதில்லை என்பதால், அதே பக்கத்தில் மீண்டும் மீண்டும் விழுந்தால் காப்பு குறைந்துகொண்டே போகும். அதனால் காகிதத்தில் தடிமனைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். கோப்பை போன்றவற்றுக்கு ஆறு பக்கமும் 5 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு.

இனி வகைகள்.

கசக்கிய கிராஃப்ட் காகிதம்தான் இவற்றில் அடிப்படை. கிராஃப்ட் என்ற ஜெர்மன் சொல்லுக்கு வலிமை என்று பொருள். மரத்துண்டுகளை ரசாயனக் கரைசலில் வேகவைக்கும் சல்பேட் முறைக்கு 1884இல் கார்ல் டால் என்ற ஜெர்மன் வேதியியலாளர் காப்புரிமை பெற்றார். அந்த முறையில், நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் கரைந்து போகிறது, நார்கள் அதிகம் சிதையாமல் நீளமாகவே தங்குகின்றன. கசக்கினாலும் கிழியாமல் விறைப்பாக நிற்கும் தன்மை அதற்கு அந்த நார்களிலிருந்து வருகிறது. சதுர மீட்டருக்கு 70 முதல் 90 கிராம் எடையுள்ள தாள் நல்லது. செய்தித்தாள் அதில் பாதி எடைதான் இருக்கும். தொளதொளவென்று மடிந்துவிடும், மையும் ஒட்டும். பெட்டியின் மூலை இடைவெளியை நிரப்ப ஆகும். கோப்பையைத் தாங்க ஆகாது.

தேன்கூட்டுக் காகிதம் என்பது வரிசை வரிசையாகக் கீறல் போட்ட கிராஃப்ட் தாள். நீளவாக்கில் இழுத்தால் கீறல்கள் திறந்து அறுகோண அறைகளாக நிமிர்ந்து நிற்கும். சுற்றும்போது ஓர் அடுக்கின் அறைகள் அடுத்த அடுக்கின் அறைகளைக் கவ்விக்கொள்வதால் ஒட்டுநாடாவே தேவைப்படாது. குமிழ் உறைக்கு மிக நெருக்கமான மாற்று இதுதான் என்பதால் எல்லோரும் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். தவறாகப் பயன்படுத்துவதும் இதைத்தான். பாதி இழுத்த நிலையிலேயே சுற்றிவிடுகிறார்கள். அறை நிமிராத தேன்கூடு வெறும் கீறல் விழுந்த தாள். சுருளை ஒரு தாங்கியில் மாட்டி, இழுவிசை விடாமல் சுற்ற வேண்டும். கையில் சுருளை வைத்துக்கொண்டு சுற்றினால் ஒரு முனையை விடும்போதே அறைகள் தளர்ந்து படுத்துவிடும். உங்கள் கோப்பைகளைச் சுற்றியது இந்த வகையாக இருந்தால், இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

ஒருபக்க நெளிவுத் தாள், அதாவது ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் அலைகளாகவும் இருக்கும் சுருள், உருளை வடிவப் பொருள்களுக்கு அருமையானது. அலைகள் கோப்பையின் உயரத்துக்கு இணையாக நிற்கும்படி சுற்றினால் எளிதில் வளையும். குறுக்கே வைத்துச் சுற்றினால் அலைகள் மடங்கி உடைந்துபோகும்.

பழைய அட்டைப்பெட்டிகளை வலைபோல வெட்டித் தரும் இயந்திரங்கள் இருக்கின்றன. தினமும் பெட்டிகள் வந்து சேரும் இடமாக இருந்தால் அதைவிடச் சிக்கனமான மெத்தை வேறில்லை. புதிதாக ஒரு நார்கூடத் தேவைப்படாமல், கையில் இருக்கும் அட்டையே இன்னொரு பயணம் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த வகை இது.

கூழ் வார்ப்பு என்பது முட்டைத் தட்டுகளில் நாம் பார்ப்பது. பொருளின் வடிவத்துக்கே அச்சு செய்து பழைய காகிதக் கூழை வார்ப்பார்கள். ஒரே அளவுக் கோப்பை ஆயிரக்கணக்கில் போனால் இதற்கு நிகரில்லை. கையால் வனைந்த, ஒன்றைப்போல் ஒன்று இல்லாத கோப்பைகளுக்கு இது பொருந்தாது.

துண்டுதுண்டாக நறுக்கிய காகிதம் பார்க்க அழகாக இருக்கும், பரிசுப் பெட்டிக்குப் பொருந்தும். காப்புக்கு அதை நம்பாதீர்கள். ஏன் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று இங்கே: லாரியின் குலுக்கலில் கனமான பொருள் நறுக்குகளைத் தள்ளிக்கொண்டு மெல்ல மெல்ல அடியில் போய் உட்கார்ந்துவிடும். இன்னொன்று மறுசுழற்சியைப் பற்றியது, பிறகு சொல்கிறேன்.

குலுக்கலைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை. எல்லோரும் விழுவதையே நினைக்கிறார்கள். நிஜத்தில் பொட்டலம் பல மணிநேரம் வண்டியில் அதிர்ந்த பிறகுதான் கீழே விழுகிறது. அந்த அதிர்வில் கசக்கிய காகிதம் படிந்து, மேலே ஒரு வெற்றிடம் உண்டாகிவிடும். கட்டும்போது அசையாமல் இருந்த கோப்பை, போய்ச் சேரும்போது ஆடிக்கொண்டிருக்கும். அதனால் மூடியை அடைக்கும் முன் காகிதம் விளிம்புக்கு மேல் இரண்டு விரற்கடை எழும்பி நிற்கட்டும். மூடியின் மடல்கள் அதை அழுத்திக்கொண்டு மூடட்டும். படிவதற்கு என்று விட்டுவைக்கும் அளவு அது.

இனி கைப்பிடி. கோப்பையின் உடல் வளைந்த ஓடு, அழுத்தத்தைப் பரப்பிவிடும். கைப்பிடி இரண்டு இடங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. சுற்றும் உறை கைப்பிடியை இழுத்துப் பிடித்தால் அடியின் பாரம் முழுவதும் அந்த இரண்டு ஒட்டுகளில்தான் இறங்கும். ஆகவே முதலில் கோப்பையின் உட்குழியைக் கசக்கிய தாளால் மிதமாக நிரப்புங்கள். பிறகு கைப்பிடியின் வளையத்துக்குள் ஒரு மென்தாள் (டிஷ்யூ) உருண்டை. பிறகு கைப்பிடிக்கு இருபுறமும், அதன் உயரத்துக்குச் சற்று மேலாகவே, மடித்த காகிதத் திண்டுகளை வையுங்கள். அதன்மேல் தேன்கூட்டுத் தாளைச் சுற்றும்போது உறை அந்தத் திண்டுகளிலும் கோப்பையின் உடலிலும் உட்காரும். கைப்பிடி உள்ளே பாரமில்லாமல் நிற்கும். இதை மட்டும் மாற்றிப் பாருங்கள், புகார்களில் பெரும்பகுதி நின்றுபோகும் என்று நம்புகிறேன்.

இரண்டு கோப்பைகளை ஒரே பெட்டியில் வைத்தால் நடுவில் அட்டைத் தடுப்பு கட்டாயம். மெத்தை இரண்டு கோப்பைகளுக்கும் சுற்றிலும் இருந்து, அவற்றுக்கு நடுவில் மட்டும் மெலிந்திருந்தால் ஒன்று மற்றொன்றை உடைக்கும். தட்டுகளைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்துங்கள். படுத்த தட்டு நடுவில் வளைந்து பிளக்கும். கனமான, அடிப்பாகம் சிறிய பொருளாக இருந்தால் அதன் கீழ் ஒரு நெளிவட்டைத் தகடு வைத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் அது காகிதத்தைத் துளைத்துக்கொண்டு பெட்டியின் தரையைத் தொட்டுவிடும்.

கிராஃப்ட் காகிதம் சொரசொரப்பானது. பளபளப்பான மெருகுப் பூச்சில் அதிர்வோடு உரசினால் மங்கல் கோடுகள் விழும். பூச்சுள்ள பொருளை முதலில் மென்தாளில் சுற்றிவிட்டுப் பிறகு கிராஃப்டுக்குப் போங்கள். வெள்ளி, மெருகிட்ட செம்பு போன்றவற்றை வெறும் கிராஃப்டில் நீண்ட நாள் வைக்கவே கூடாது; சல்பேட் முறையில் எஞ்சும் கந்தகச் சேர்மங்கள் அவற்றைக் கறுக்க வைக்கக்கூடும். லென்ஸ் போன்ற தூசு ஆகாத பொருள்களும் காகிதத்துக்கு நேரடியாகப் பொருந்தாது, நார்த்தூசு உதிரும்.

காகிதத்தின் உண்மையான பலவீனம் ஈரம். காற்றில் ஈரப்பதம் ஏற ஏற நார்கள் நீரை உறிஞ்சி நெகிழும். ஆய்வகத்தில் காகிதத்தை 23 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் பழக்கிய பிறகே சோதிப்பார்கள். அதே அட்டைப்பெட்டி 90 சதவீத ஈரப்பதத்தில் இருந்தால் அதன் தாங்குதிறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். நீங்கள் கட்டிய இடைவெளி தானாகவே சரிந்துவிடும் என்று பொருள். காகிதச் சுருள்களைத் தரையிலோ சுவரோடு ஒட்டியோ வைக்காதீர்கள். மரச்சட்டத்தின் மேல், மூடி வையுங்கள். மழைக்காலத்தில் மெத்தையின் தடிமனைக் கூட்டுங்கள், பெட்டியை ஒரு படி கனமான அட்டைக்கு மாற்றுங்கள். குளிரூட்டிய, நீர்த்துளி படியும் பொருள்களுக்குச் சாதாரணக் காகித மெத்தையை நான் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்: காகிதம் போலத் தெரிவது எல்லாமே மறுசுழற்சிக்குப் போகுமா? போகாது. இதில் மக்கள் ஏமாற்றப்படுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மறுசுழற்சி ஆலையில் நடப்பது எளிய வேலைதான். பழைய காகிதத்தைப் பெரிய தொட்டியில் நீரோடு சேர்த்துக் கடைவார்கள். நார்கள் பிரிந்து கூழாகும். சல்லடைகள் பிளாஸ்டிக்கையும் கம்பியையும் பசைக்கட்டிகளையும் பிடித்துக்கொள்ளும். கூழ் மீண்டும் தாளாகும். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இது நீரில் நாராகப் பிரியுமா?

வெளியே பழுப்புக் காகிதம், உள்ளே பிளாஸ்டிக் குமிழ் ஒட்டிய உறைகள் இந்தத் தேர்வில் தோற்றுவிடும். வாங்கியவர் இரண்டையும் உரித்துப் பிரித்தால்தான் உண்டு, யாரும் உரிப்பதில்லை. மெழுகு பூசிய தாள், பாலித்தீன் படலம் ஒட்டிய தாள், உலோகப் படலம் ஒட்டிய மினுமினுப்புத் தாள் ஆகியவையும் அப்படியே. ஈரத்திலும் கிழியாமலிருக்கப் பிசின் சேர்த்த தாள்களைச் சாதாரணக் கடைசலில் பிரிப்பது கடினம். இவற்றில் பலவற்றின் மேல் பச்சை இலைப் படம் அச்சிட்டிருப்பார்கள். படத்தை நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள். ஒரு துண்டைக் கிழிக்கும்போது விளிம்பில் சவ்வு போல ஏதாவது நீண்டால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது. கிழிசலில் வெறும் நார்கள் மட்டும் தெரிந்தால், சிறு சிறு துண்டுகளாக்கி ஒரு மூடியுள்ள பாட்டிலில் வெதுவெதுப்பான நீரோடு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நல்ல காகிதம் சில நிமிடங்களில் கஞ்சி போலக் கலங்கிவிடும். கலங்காமல் தகடாகவே மிதந்தால் அதை வாங்காதீர்கள்.

நறுக்கிய காகிதத்தின் இரண்டாவது குறை இங்கே வருகிறது. பிரிப்பு நிலையத்தின் இயந்திரங்களில் அந்தச் சிறு நறுக்குகள் இடுக்குகளில் விழுந்து குப்பையோடு கலந்துவிடுகின்றன. அதனால் பல இடங்களில் அதை உதிரியாக வாங்குவதே இல்லை. நறுக்கும்போது நார்களும் குட்டையாகிவிடுகின்றன. ஒரு நார் பொதுவாக 5 முதல் 7 முறை வரை மறுசுழற்சியைத் தாங்கும் என்பது துறையில் வழங்கும் கணக்கு. முன்கூட்டியே நறுக்குவது அந்த ஆயுளில் கை வைப்பது.

ஒட்டுநாடாவையும் கவனியுங்கள். உள்ளே எல்லாம் காகிதமாக வைத்துவிட்டு, வெளியே பிளாஸ்டிக் நாடாவை நான்கு சுற்றுச் சுற்றினால் பாதி உழைப்பு வீண். நீர் தொட்டு ஒட்டும் காகித நாடா இருக்கிறது. அதன் மாவுப்பசை ஆலையின் தொட்டியில் நீரோடு கரைந்துவிடும். அது அட்டையின் நாரோடு நாராகப் பிடித்துக்கொள்வதால் ஓர் ஒற்றைப் பட்டையே போதும். நன்றாக நனைத்து, ஒட்டியவுடன் கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அரைகுறையாக நனைத்தால் வழியிலேயே உரிந்துவிடும்.

காகிதம் என்பதாலேயே அள்ளி அடைக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். கிராஃப்ட் தாள் செய்ய நிறைய நீரும் வெப்பமும் ஆகின்றன. அதே காப்புக்குக் காகிதத்தின் எடை பிளாஸ்டிக் குமிழைவிட மிக அதிகம். மெத்தையைக் குறைக்கும் வழி மெத்தையில் இல்லை, பெட்டியின் அளவில் இருக்கிறது. ஒரு கோப்பைக்கு ஆறு பக்கமும் 5 சென்டிமீட்டர் விட்ட பெட்டி போதும்; அதைவிடப் பெரிய பெட்டியை எடுத்தால் மிச்ச இடத்தை எல்லாம் காகிதம் தின்னும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2025ஆம் ஆண்டுப் பொதிவு விதிமுறை இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2030 முதல் இணையவழி விற்பனைப் பெட்டிகளில் வெற்றிடம் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. காகித நறுக்கு, காற்றுப்பை, குமிழ் உறை போன்றவற்றால் நிரப்பிய இடமும் அந்தக் கணக்கில் வெற்றிடம்தான். அங்கே விற்கும் எண்ணம் இருந்தால் பெட்டி அளவுகளை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும், மொத்தமாக வாங்கும் முன் ஐந்து பெட்டிகளைக் கட்டிச் சோதியுங்கள். பொட்டலச் சோதனை முறைகளை வகுக்கும் ஐ.எஸ்.டி.ஏ. என்ற சர்வதேச அமைப்பின் 1ஏ என்ற அடிப்படைச் சோதனை முறையைச் சுருக்கி வீட்டிலேயே செய்யலாம். அந்த முறையில் முதலில் அதிர்வு, பிறகுதான் வீழ்ச்சி, வரிசையை மாற்றாதீர்கள். ஆய்வகத்தில் அதிர்வு மேசை இருக்கும். உங்களுக்கு, மேடுபள்ளமான சாலையில் ஒரு மணிநேரம் வண்டியின் பின்புறத்தில் கட்டாமல் வைத்த பெட்டி போதும். பிறகு 10 கிலோவுக்குக் குறைவான பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை கெட்டியான தரையில் விழவிடுங்கள்: ஒரு மூலை, அந்த மூலையில் கூடும் மூன்று விளிம்புகள், பிறகு ஆறு முகங்கள். வீசக்கூடாது, கையை விட வேண்டும். நல்ல கோப்பைகளை வீணாக்க மனம் வராது. சூளையில் கோணிப்போனவற்றையோ பூச்சு சரியில்லாதவற்றையோ இதற்கென்று எடுத்து வையுங்கள். விரல் தட்டினால் கணீரென்று ஒலிப்பவையாகப் பொறுக்குங்கள், முன்பே விரிசல் விட்டவை உங்களைக் குழப்பும்.

சோதனை முடிந்ததும் பெட்டியை மேல்மூடி வழியாகத் திறக்காதீர்கள். திறக்கும்போதே உள்ளே இருப்பது கலைந்துவிடும். ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் மெல்ல வெட்டிச் சாளரம் போலத் திறந்து பாருங்கள். கோப்பை நீங்கள் வைத்த உயரத்திலேயே நிற்கிறதா, அடியில் உள்ள காகிதம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது, மேலே எத்தனை விரல் வெற்றிடம் விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அப்படியே தெரியும். அடியில் நசுங்காத மடிப்பு எதுவுமே மிச்சமில்லை என்றால், கோப்பை உடையாமல் இருந்தாலும் அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் சேருங்கள்.